கோட்டை வாசலில் இரு கயல்கள்



இங்கிலாந்திலே ஹாடன் மாளிகையை 12ஆம் நூற்றாண்டு முதலாகத் தலைமுறைதோறும் கூட்டிக் கட்டினார்கள். நமது பிரெடெரிக் கோட்டையும் அப்படிக் கூட்டிக் கட்டியதுதான். ஆனால், இடித்த கோயிலின் கல்லிலே தொடங்கியது. 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தைத் தகர்த்து, அக்கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினர். 1639இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் 1665இல் திருத்திக் கட்டினர். 1795இல் வந்த ஆங்கிலேயர் 1803இல் பெயர் சூட்டினர்.

வாசற்கல்லில் இரு கயல்கள் இன்றும் உள. அவற்றைக் கடந்தே கோயிலுக்குப் போகிறோம். நின்று பார்ப்பவர் எத்தனை பேர்? 1963இல் புதுக்கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. பழங்கோயிலின் கற்களோ மதிலிலேயே இருக்கின்றன. கோட்டைக்குள் இராணுவம் இருப்பதால், அக்கற்களை அளந்து வரைய நமது சங்கமே அனுமதி கேட்கவேண்டும். பென்சிலும் தாளும் நான் கொண்டுவருகிறேன்.