துவைத்ததும் தெரிந்த எழுத்து



2011 ஆகஸ்ட் மாதம். ஜெர்மனியின் கிழக்குப் பகுதியில் கெரா என்ற ஊரில் நவநாஜிகளின் இசை விழா. வந்தவர்களுக்கு 250 டி-ஷர்ட்டுகள் இலவசமாகக் கிடைத்தன. நெஞ்சுப் பக்கத்தில் மண்டையோடும் கொடிகளும். அனுப்பியது யார் என்று யாரும் துருவவில்லை. ஓசியில் வந்தது, வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்குப் போய் ஒரு தடவை துவைத்ததும் மண்டையோடு காணாமல் போனது. அடியில் வேறு எழுத்து: உன் சட்டையால் முடிந்தது உன்னாலும் முடியும், வெளியே வர நாங்கள் உதவுகிறோம்.

இது 'எக்ஸிட் ஜெர்மனி' என்ற அமைப்பு செய்த வேலை. கேட்டால் சிரிப்பு வரும். எனக்கோ சட்டையை வாங்கிப் போனவன் அந்த எழுத்தை எங்கே நின்று படிக்கிறான் என்பதில்தான் வியப்பு. அதே வாசகத்தை விழாத் திடலில் துண்டுப் பிரசுரமாக நீட்டியிருந்தால், பக்கத்தில் நிற்கும் கூட்டாளிகளுக்காகவாவது கிழித்தெறிந்திருப்பான். வீட்டில் ஈரத்துணியும் கையுமாக நிற்கும்போது யாருக்கு வீரம் காட்டுவது?

வெறுப்புக் கும்பலில் சேர்கிறவன் கொள்கையைப் படித்துவிட்டுச் சேர்வது அபூர்வம். சாயங்காலம் போய் உட்கார ஓர் இடம், 'நம்ம ஆளு' என்று தோளில் கை போட நாலு பேர். விலகும்போது அத்தனையும் ஒரே நாளில் போகிறது. போதாக்குறைக்குத் துரோகி என்ற பட்டம், பழிவாங்குவார்களோ என்ற பயம், வேலை கேட்டுப் போன இடத்தில் சட்டைக் கைக்கு வெளியே எட்டிப் பார்க்கும் பச்சைக் குத்து.

எக்ஸிட் ஜெர்மனியை 2000-ஆம் ஆண்டில் தொடங்கியவர்கள் இருவர். பெர்ன்ட் வாக்னர் முன்னாள் போலீஸ் அதிகாரி. இங்கோ ஹாசல்பாக் முன்னாள் நவநாஜித் தலைவர். திருடனும் போலீஸும் சேர்ந்து கடை திறந்த மாதிரிதான்! 1992 நவம்பரில் மோல்ன் என்ற ஊரில் துருக்கியர் குடியிருந்த வீடுகளுக்கு நவநாஜிகள் தீ வைத்ததில் ஒரு பெண்ணும் இரண்டு சிறுமிகளும் இறந்தார்கள். ஹாசல்பாக்கை அது உலுக்கியது. அதற்கு முன்பே, படமெடுக்க வந்த ஆவணப்பட இயக்குநர் ஒருவர் அவரோடு பழகிப் பேசிக்கொண்டிருந்தார். மறுவருடம் ஹாசல்பாக் இயக்கத்தை விட்டார். பேச ஒரு மனிதர் வெளியே இல்லாதிருந்தால், அந்தத் தீ மட்டும் அவரை வெளியே கொண்டுவந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

அடித்தவனுக்கு எதற்கய்யா உபசாரம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. செய்த குற்றத்துக்கு வழக்கு இருந்தால் அதை அவன் சந்தித்தே ஆக வேண்டும். இந்த அமைப்பு யாரையும் கெஞ்சி அழைப்பதும் இல்லை. முதல் அடியை அவனே எடுத்து வைக்க வேண்டும். வந்த பிறகு பாதுகாப்பு, வேலை, புது இடம் எல்லாவற்றுக்கும் வழி பார்க்கிறார்கள். கூடவே, நம்பியது ஏன், செய்தது என்ன என்று உட்கார்ந்து பேச வைக்கிறார்கள். அடிபட்ட குடும்பங்களுக்கு அரசு இதே அளவு அக்கறை காட்டுகிறதா என்பது வேறு கேள்வி. அதையும் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

சரி, சேருவதற்கு முன்பே தடுக்க முடியாதா? ஜெர்மனியில் 2004 வாக்கில் நவநாஜிகள் பள்ளி மாணவர்களுக்கென்றே பாட்டு சி.டி. தயாரித்து, இலவசமாக விநியோகிக்கக் கிளம்பினார்கள். ஆள் பிடிக்கிறவனுக்குப் பள்ளிக்கூட வாசல் நன்றாகத் தெரியும். தடுக்கிறவர்களும் அங்கேதான் தொடங்க வேண்டும்.

ஸ்வீடனில் குங்கால்வ் என்று ஒரு சிறிய ஊர். 1995 ஆகஸ்டில், ஏரிக்கரையில் கூடாரம் போட்டிருந்த 14 வயதுப் பையனை நவநாஜி இளைஞர்கள் தாக்கிக் கொன்றார்கள். கொன்றவர்களும் பள்ளி வயதுப் பிள்ளைகள்தான். ஊர் ஆடிப்போனது. கிறிஸ்டர் மாட்சன் என்ற ஆசிரியர் பள்ளியில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். பெயர் கெட்ட பையன்களை மட்டும் பொறுக்கித் தனி வகுப்பில் வைத்தால், கும்பலுக்கு நாமே ஆள் சேர்த்துக் கொடுத்ததாகிவிடும். ஆகவே யார் யாரோடு சுற்றுகிறார்கள், யார் ஒண்டியாக நிற்கிறார்கள் என்று ஆசிரியர்கள் முதலில் கவனிக்கிறார்கள். பிறகு தடம் மாறக்கூடிய பிள்ளைகளையும் மற்றப் பிள்ளைகளையும் ஒரே குழுவில் கலக்கிறார்கள். மாதக்கணக்கில் யூதப் படுகொலையின் வரலாற்றைப் படித்து, கடைசியில் எல்லோருமாகப் போலந்துக்குப் போய் அந்தப் படுகொலை நடந்த முகாம்களைப் பார்க்கிறார்கள். பயணத்தைவிட அதற்கு முந்தைய மாதங்கள்தான் முக்கியம் என்பேன்: பள்ளியில் முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பழகுவது அப்போதுதான்.

அந்த முறை இப்போது ஸ்வீடனின் வேறு பல ஊர்களிலும் நடக்கிறது. கோதன்பர்க் பல்கலைக்கழகம் ஆசிரியர்களுக்கு அதில் பயிற்சி தருகிறது.