பேராதனையில் முதற் சில வாரங்கள்

(புதிதாகப் பல்கலைக்கழகம் புகும் மாணவருக்காக மன்றத்தில் நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்வாண்டு பல்கலைக்கழகம் புகும் நம் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லும்படி செயலாளர் பணித்தார். வாழ்த்துச் சொல்ல இங்கே பலர் இருக்கின்றார்கள். ஆதலின் யான் வாழ்த்தை இவ்வளவோடு நிறுத்திக்கொண்டு, அங்கே சென்றதும் முதல் நாலைந்து வாரங்களில் என்னென்ன நேரிடும் என்பதையே பேச எண்ணுகின்றேன். மூன்று நாலு ஆண்டுப் படிப்பும் எந்தப் பக்கம் சாயும் என்பது பெரும்பாலும் அந்தச் சில வாரங்களிலேயே தெரிந்துவிடுகின்றது.

கண்டியில் இருக்கும் நமக்குப் பேராதனை நாலு மைல் தூரம். கம்பளை பஸ்ஸில் போகும்போதும், பூந்தோட்டம் பார்க்கப் போகும்போதும் அந்தக் கட்டடங்களைக் கண்டே வளர்ந்தோம். கண்ட இடமெல்லாம் அறிந்த இடம் ஆகிவிடாது. யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வரும் பிள்ளைக்கு ஊர் புதிது, குளிர் புதிது, ஆடி மாதத்து மழை புதிது. நம் பிள்ளைக்கு இவை ஒன்றும் புதிதல்ல. ஆயினும் விடுதி வாழ்வு அவனுக்கும் புதிதுதான். “வீடு பக்கத்திலேதானே” என்று வெள்ளிக்கிழமை தோறும் ஓடி வருகிறவன், மற்றவர்கள் அந்த இரண்டு நாளில் செய்துகொள்ளும் நட்பை இழந்துவிடுகிறான். தாய்மார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. முதல் மாதம் மட்டுமாவது பிள்ளையை அங்கேயே இருக்க விடுங்கள்.

அந்த இடம் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். நாட்டுக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1906இல் சங்கம் அமைத்துக் குரல் கொடுத்தவர்களுள் முதல்வர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். 1921இல் கொழும்பிலே பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது. அருணாசலம் 1924இல் காலமானார். முழுப் பல்கலைக்கழகத்தை அவர் காணவில்லை. அஃது 1942ஆம் ஆண்டு யூலை முதலாந் திகதி பிறந்தது. அக்காலத்தார் சர்வகலாசாலை என்றே சொல்வார்கள். முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ். கொழும்பிலா கண்டியிலா என்று ஆண்டுக்கணக்கில் நடந்த வாக்குவாதமெல்லாம் ஓய்ந்து, 1952இல் மாணவர் பேராதனைக்குப் பெயர்ந்தனர். 1954ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆந் திகதி முறைப்படி திறப்பு விழா நடந்தது.

இவ்வளவு பாடுபட்டு மலையடிவாரத்துக்குக் கொண்டு வந்ததன் நோக்கம் என்ன? விரிவுரை கேட்பதற்குக் கொழும்பே போதும். பல ஊர்ப் பிள்ளைகள், பல மொழிப் பிள்ளைகள், பல சமயப் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் உண்டு உறங்கி ஒருவரையொருவர் அறிய வேண்டும் என்பதே ஜெனிங்ஸ் முதலானோரின் எண்ணம். அருணாசலம் பெயரால் ஒரு விடுதி, அவர் தமையனார் இராமநாதன் பெயரால் ஒரு விடுதி, ஜயதிலக்க, அக்பர், சங்கமித்தா என்று வேறு விடுதிகள். பெயர்களைக் கேட்டாலே அந்த எண்ணம் புலப்படும். முதலிலே ஒருவருக்கு ஓர் அறை என்ற கணக்கிலே அமைந்தவை அவை. இன்று பீடங்கள் ஒன்பது. அறைகளில் நெருக்கம் அதிகம். சாமான் குறைவாகக் கொண்டு போங்கள். ஒரு வாளி, ஒரு குடை, ஒரு கம்பளி, ஒரு பூட்டு, இவை மறக்கக்கூடாதவை.

இனி மொழி. கலைப்பீடத்தில் 1960ஆம் ஆண்டளவிலிருந்து தாய்மொழியிலேயே கற்கும் வழி திறந்தது. விஞ்ஞானம், பொறியியல், மருத்துவம் படிக்கப் போகிறவர்களுக்கோ விரிவுரை ஆங்கிலத்தில். பதின்மூன்று ஆண்டு தமிழிலே படித்து, உயர்தரத்தில் சிறந்த பெறுபேறு எடுத்த பிள்ளை, முதல் விரிவுரையில் ஒரு சொல்லும் விளங்காமல் உட்கார்ந்திருப்பான். பக்கத்திலிருப்பவன் விறுவிறுவென்று எழுதுவதைக் கண்டு, நமக்கு மூளை இல்லைப் போலும் என்று எண்ணிக்கொள்வான். அந்தப் பக்கத்துப் பிள்ளைக்கும் பாதிதான் விளங்கியிருக்கும்! இதற்கு மாணவர்களே கண்ட மருந்து ஒன்று உண்டு. குப்பி என்பார்கள். மூத்த மாணவனோ, விடயம் விளங்கிய சக மாணவனோ, இரவிலே விடுதியில் நாலைந்து பேரை வைத்துக்கொண்டு பாடத்தைச் சொந்த மொழியில் விளக்குவதற்குப் பெயர் அது. குப்பி விளக்கைச் சுற்றி இருந்து படித்த நாளில் வந்த பெயர் என்பர். காசு வாங்குவதில்லை, சான்றிதழும் இல்லை. பல்கலைக்கழகத்தில் யான் பெரிதாக மதிக்கும் வழக்கம் இதுவே. வெட்கப்பட்டு அறைக்குள் இருந்துவிடாதீர்கள். எங்கே குப்பி நடக்கிறதென்று கேட்டுப் போய் உட்காருங்கள்.

குப்பி நடத்துகிற அதே மூத்த மாணவர் கூட்டத்திலிருந்துதான் பகிடிவதையும் வருகின்றது. இதை மேடையில் பேசவேண்டுமா என்று ஒரு பெரியவர் கேட்டார். பேசத்தான் வேண்டும். 1975இல் பேராதனையில் வதைக்கு அஞ்சி விடுதி மாடியிலிருந்து குதித்த மாணவி ஒருவர் நடக்கும் ஆற்றலை இழந்தார். 1997இல் பொறியியற் பீடத்திலே புதிதாகச் சேர்ந்த தமிழ் மாணவர் ஒருவர், அளவுக்கு மிஞ்சிய உடற்பயிற்சி செய்விக்கப்பட்டுச் சிறுநீரகம் பழுதாகி மாண்டார். மலையேறி ஆயிரம் கனவோடு அனுப்பிய பிள்ளை, பெட்டியிலே திரும்பி வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதை செய்தவருக்கு இரண்டு ஆண்டு வரையும், கடுங்காயமோ பாலியல் தொல்லையோ விளைவித்தவருக்குப் பத்து ஆண்டு வரையும் சிறை என்று அச்சட்டம் கூறும். சட்டம் வந்தும் வழக்கம் முற்றாய் ஒழியவில்லை.

ஒற்றுமை வளரும், கூச்சம் போகும், பணக்காரனும் ஏழையும் ஒன்றாவார்கள் என்று இதற்கு நியாயம் சொல்வோர் உண்டு. பெயர் கேட்பதும், பாட்டுப் பாடச் சொல்வதும், ஊர்ப் பேச்சைக் கிண்டல் செய்வதும் பகிடி. தூங்கவிடாமல் வைத்திருப்பதும், முழங்காலில் நிறுத்துவதும், பெற்றாரை இழித்துப் பேசச் சொல்வதும் வதை. இரண்டையும் ஒரே சொல்லில் சேர்த்துக் கட்டியதனாலேயே பலருக்கு மயக்கம் ஏற்படுகிறது. வதையினால் உண்டாகும் ஒற்றுமை என்பது, அடுத்த ஆண்டு வருகிறவனை வதைப்பதற்கான ஒற்றுமை மட்டுமே. இஃது ஏதோ வேற்றார் செய்வது என்றும் நினைக்கவேண்டா. தமிழ்ப் பிள்ளையைத் தமிழ்ப் பிள்ளையே வதைத்ததும் உண்டு. இந்த மண்டபத்தில் இரண்டாம் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் சிலர் இருக்கின்றீர்கள். நீங்கள் சென்ற ஆண்டு பட்டது எனக்குத் தெரியும். அதை இந்தப் பிள்ளைகளிடம் வசூலிக்காதீர்கள். பின் வரிசையில் இருப்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கின்றேன்.

புதியவர்களுக்கு ஒன்று. எல்லை மீறினால் விடுதிக் காப்பாளரிடமோ, மாணவ ஆலோசகரிடமோ, நம்பிக்கையான ஒரு விரிவுரையாளரிடமோ அன்றைக்கே சொல்லுங்கள். வீட்டிலும் சொல்லுங்கள். பெற்றோர்க்கு ஒன்று. பிள்ளை தொலைபேசியில் “ஒன்றுமில்லை அம்மா” என்று குரல் தழுதழுக்கச் சொன்னால், பொறுத்துக்கொள் என்று முடித்துவிடாதீர்கள்; அடுத்த பஸ்ஸில் போய்ப் பாருங்கள். முன்பு வீட்டுக்கு ஓடிவர விடாதீர்கள் என்றேனே, அந்த விதி இதற்குப் பொருந்தாது.

தோட்டங்களிலிருந்து போகிற பிள்ளைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். ஹந்தானைப் பக்கத்து லயன்களிலிருந்து அந்தக் கட்டடங்களைப் பார்த்தால் கூப்பிடு தூரம்போலத் தெரியும். ஆனால் 1970களில் அரசு பொறுப்பேற்கும் வரை, தோட்டப் பள்ளிக்கூடங்கள் பெரும்பாலும் ஆரம்ப வகுப்புகளோடு நின்றுவிட்டன. கூப்பிடு தூரத்தைக் கடக்கத் தலைமுறைகள் ஆயின. இன்று ஒரு கொழுந்து பறிக்கும் தாயின் மகள் அங்கே போகிறாள் என்றால், பெரும்பாலும் அந்தக் குடும்பத்தில் முதலாவதாகப் போகிறவள் அவளே. என்ன கேட்பது, யாரிடம் கேட்பது என்று சொல்லித்தர வீட்டில் ஒருவரும் இல்லை. மகாபொலப் புலமைப்பரிசில் 1981 முதல் இருந்து வருகின்றது, பெரிய உதவிதான். எனினும் சேர்ந்த வாரமே அது கைக்கு வராது. விண்ணப்பம், வங்கிக் கணக்கு, பெயர்ப்பட்டியல் என்று மாதங்கள் செல்லும். அந்த இடைவெளியில் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்கிற பிள்ளைகள் உண்டு. குறைத்தது வெளியே தெரியாது. மன்றத்துப் பெரியோர்கள் பரிசளிப்பு விழாவுக்குச் செலவிடுவதில் ஒரு பகுதியை இந்த முதல் மூன்று மாதங்களுக்கு ஒதுக்கினால் என்ன? மாலையும் பொன்னாடையும் ஒரு வருடம் பொறுக்கலாம்.

படிப்பைத் தவிர அங்கே என்ன இருக்கின்றது என்றும் கேட்கிறீர்கள். இந்து மாணவர் சங்கம் இருக்கின்றது. குன்றின்மேல் குறிஞ்சிக்குமரன் கோவில் இருக்கின்றது. பூசைக்குப் போகிற பிள்ளை கும்பிட்டுவிட்டுப் பிரசாதத்தோடு நாலு நண்பர்களையும் பெற்று வருவான். ஆனால் தமிழர் கூட்டத்துக்குள்ளேயே நாலு ஆண்டும் சுற்றி வந்தால் பேராதனைக்குப் போனதன் பயன் பாதி குறைந்துவிடும். பேராசிரியர் சரச்சந்திர 1956இல் மேடையேற்றிய ‘மனமே’ நாடகம் சிங்கள நாடகம் மரபில் எழுந்தது. அம்மரபுக்கோ நம் நாட்டுக்கூத்தோடு உறவு உண்டு. 1960களில் அதே பேராதனையில் பேராசிரியர் வித்தியானந்தன் மாணவர்களைக் கொண்டு ‘இராவணேசன்’ முதலிய கூத்துக்களை மேடைக்குக் கொண்டுவந்தார். சிங்களம் நன்றாகத் தெரியாவிட்டாலும், அறைத் தோழனோடு சிற்றுண்டிச்சாலையில் பேசிப் பழகுங்கள். முதல் வாரத்தில் பிழையாகப் பேசுகிறவன்தான் மூன்றாம் மாதத்தில் சரளமாகப் பேசுவான். அவனும் நம்மிடம் நாலு தமிழ்ச் சொல் கற்றுக்கொள்வான். பெரும்பாலும் சாப்பாட்டுச் சொற்கள்!

நேரம் ஆகிவிட்டது என்று தலைவர் மணியைப் பார்க்கின்றார். இவ்வாண்டு போகிறவர்களின் பெயரையும் பீடத்தையும் செயலாளர் கொப்பியில் எழுதிக்கொள்வார். அங்கே ஏற்கெனவே படிக்கும் நம் மன்றத்து அண்ணாமாரும் அக்காமாரும் மேடைக்கு வலப்புறம் நிற்கின்றார்கள். எழுதிவிட்டு அவர்களிடம் போய்ப் பேசுங்கள்.