கதவைத் திறப்பது போட்டியே!

நடுவர் ஐயா அவர்களே! எனக்கு முன்னால் முழங்கிவிட்டுப் போயிருக்கிற எதிரணி அண்ணன் அவர்களே! வீட்டு வேலையெல்லாம் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே! 

'புதிய படைப்பாளிக்குச் சினிமாவின் கதவைத் திறப்பது குருகுல அனுபவமா, போட்டி மேடையா?' இதுதான் தலைப்பு. அண்ணன் வந்தார். "பத்து வருஷம் ஒரு இயக்குநர் காலடியில கிடந்தாத்தான் சினிமா வரும்"னு அடிச்சுச் சொல்லிட்டுப் போயிட்டார். புட்டண்ணா கனகாலிடம் பாரதிராஜா, பாரதிராஜாவிடம் பாக்யராஜ், பாக்யராஜிடம் பார்த்திபன், பாண்டியராஜன்னு ஒரு வம்சாவளியே படிச்சார். நான் மறுக்கலை ஐயா. அத்தனையும் உண்மை. சீர்வரிசைப் பட்டியல் வாசிக்கிற மாதிரி கணீர்னு வாசிச்சார். (சிரிப்பு)

ஆனால் அந்த வம்சாவளியில் பேர் வராதவன் எத்தனை பேர்? வடபழனியிலயும் சாலிகிராமத்துலயும் டீக்கடை பெஞ்சில் தலை நரைச்சவன் எத்தனை பேர்? அவனைப் பத்தி அண்ணன் ஒரு வார்த்தை பேசலை. நான் பேசுறேன். ஏன்னா அவன் என் தம்பி.

நான் அருப்புக்கோட்டைக்காரி. பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியை. என் தம்பி 1994-இல் சென்னைக்கு வண்டியேறினான். கையில் நாலு நோட்டு. நாலும் 192 பக்கம். எல்லாத்துலயும் கதை. ஒரு அறையில் ஆறு பேர். பதினோரு வருஷம் இருந்தான். ரெண்டு படத்துல மூணாவது உதவியாளர். ஒரு படம் வந்துச்சு, அதுல இவன் பேர் வரலை. இன்னொரு படம், பேர் போடுறேன்னாங்க, படமே வரலை. (சிரிப்பு) சிரிக்கிறீங்க. நானும் இப்போதான் சிரிக்கிறேன். அப்போ மாசாமாசம் என் சம்பளத்துல அறுநூறு ரூபாய் மணியார்டர் போயிட்டிருந்துச்சு.

ஒரு கம்பெனியில், பேர் வேண்டாம், "நோட்டை வச்சிட்டுப் போ தம்பி, படிச்சுட்டுச் சொல்றோம்"னாங்க. எட்டு மாசம், வாரம் தவறாமப் போய் நின்னான். கடைசியில வாட்ச்மேன்தான் மனசு கேக்காமச் சொன்னாராம்: "தம்பி, உன் நோட்டு அந்த பீரோ மேலதான் இருக்கு. வச்ச இடத்தைவிட்டு நகரவே இல்லைப்பா." அன்னைக்கு ராத்திரி எனக்கு போன் பண்ணினான். "அக்கா, திருடியிருந்தாக்கூட ஒருத்தன் படிச்சான்னு சந்தோஷப்பட்டிருப்பேன்க்கா"ன்னான்.

நடுவர் ஐயா, என் கட்சி மொத்தமும் இந்த ஒரு வாக்கியத்துலதான் நிக்குது. படிக்க ஆள் இல்லை! கதவைத் தட்டுறதுக்கு முன்னாடி, கதவுக்குப் பின்னாடி ஒரு மனுஷன் இருக்கணும்ல?

குருகுலம்னு சொல்றோமே, அந்தக் குருகுலத்துக்கு ஃபீஸ் யார் கட்டுறது? பத்து வருஷம் சம்பளம் இல்லாமலோ, சம்பளம்னு பேருக்கு வாங்கியோ இருக்கணும்னா வீட்டுல அப்பாவோ அக்காவோ சம்பாதிக்கணும். இல்லாதவன் என்ன செய்வான்? சரி, ஆம்பளைப் பிள்ளை பெஞ்சில் படுத்துக்குவான். என்கிட்ட படிச்ச பொண்ணு ஒருத்தி, கட்டுரை நோட்டுல சினிமா மாதிரி காட்சி காட்சியா எழுதுவா. அவளை வடபழனி மேன்ஷனுக்கு அனுப்ப முடியுமா? அனுப்புவீங்களா அண்ணே? (கைதட்டல்)

இப்போ அமெரிக்காவுக்குப் போவோம். விசா வேண்டாம், என்கூட வாங்க. டான் நிக்கோல்னு அங்கே ஒரு தொலைக்காட்சி எழுத்தாளர் இருந்தார். அவர் மறைந்த பிறகு அவர் மனைவி ஜீ நிக்கோல் கணவர் நினைவா என்ன செய்தார் தெரியுமா? நாமளா இருந்தா ஒரு சிலை வச்சு, அதுக்கு ஒரு குடை வச்சிருப்போம். (சிரிப்பு) அந்த அம்மா, எழுத்தாளனாகத் துடிக்கிறவர்களுக்கு உதவித்தொகை கொடுக்கப் பணம் கொடுத்தார். ஆஸ்கார் விருது வழங்குகிற அதே அகாதமிதான் 1986-இலிருந்து அந்தப் போட்டியை நடத்துகிறது. ஆண்டுக்கு அதிகபட்சம் ஐந்து பேருக்கு, பல ஆண்டுகளாகத் தலைக்கு 35,000 டாலர். திரைக்கதையின் முதல் பக்கத்தில் எழுதியவர் பேரே இருக்கக்கூடாது. யார் மகன், எந்த ஊர், ஆணா பெண்ணா, எதுவும் படிக்கிறவருக்குத் தெரியாது. இன்னொரு விதி இருக்கு, அது எனக்கு ரொம்பப் பிடிச்ச விதி. சினிமா, டிவிக்கு எழுதி 25,000 டாலருக்கு மேல் சம்பாதிச்சவங்க கலந்துக்க முடியாது. அந்த விதிப்படி பார்த்தா என் தம்பிக்கு எக்கச்சக்கத் தகுதி! (சிரிப்பு)

1992-இல் அந்த உதவித்தொகை பெற்ற ஐந்து பேரில் சூசன்னா கிராண்ட் என்ற பெண்ணும் ஒருவர். எட்டு வருஷம் கழிச்சு, 2000-இல், 'எரின் புரோக்கோவிச்' என்ற படத்தின் திரைக்கதையை எழுதினார். ஜூலியா ராபர்ட்ஸுக்கு ஆஸ்கார் வாங்கித் தந்த படம். 1998-இல் பெற்றவர் மைக் ரிச். ஒரேகான் மாநிலத்து போர்ட்லாண்டில் வானொலி வேலை பார்த்தவர். ஹாலிவுட்டில் எந்த டீக்கடையிலும் நின்றவர் இல்லை. அவர் போட்டிக்கு அனுப்பிய கதைதான் 'ஃபைண்டிங் ஃபாரஸ்டர்', ஷான் கானரி நடித்து 2000-இல் வந்த படம். இதில் ஒன்று சொல்லிவிட வேண்டும்: 2025-இலிருந்து அந்தப் போட்டிக்கு யாரும் நேரே அனுப்ப முடியாது, பல்கலைக்கழகங்கள், 'தி பிளாக் லிஸ்ட்' மாதிரி இடங்கள் வழியாகத்தான் போகணும். அங்கேயும் இப்போ வாசல்ல ஒரு ஆள் உக்காந்தாச்சு!

அடுத்து, இன்டர்நெட் வந்தது. மேட் டேமன், பென் அஃப்லெக்னு ரெண்டு சிநேகிதர்கள். தாங்களே எழுதி நடித்த 'குட் வில் ஹண்டிங்' படத்துக்கு 1998-இல் திரைக்கதை ஆஸ்கார் வாங்கினவங்க. ஜெயிச்சவன் பொதுவா என்ன செய்வான்? உள்ளே போனதும் கதவைச் சாத்திக்குவான். இவங்க 2000-இல் 'புராஜெக்ட் கிரீன்லைட்'னு ஒரு போட்டி ஆரம்பிச்சாங்க. கம்ப்யூட்டர் வழியாத் திரைக்கதையை அனுப்பு. ஜெயிச்சா பத்து லட்சம் டாலர் செலவில் உன் படத்தை நீயே இயக்கு. எடுக்கிற கூத்தையும் டிவியில காட்டுவோம். ஏழாயிரத்துக்கும் மேல திரைக்கதை வந்து குவிஞ்சது. யார் படிக்கிறது? அங்கேதான் ஒரு யோசனை. அனுப்பினவங்களே மத்தவங்க அனுப்பினதைப் படிச்சு மதிப்பெண் போடணும்! நம்ம ஊர் மொய்க் கணக்கு மாதிரி. நீ வந்து செய்தால்தான் உனக்கு நான் செய்வேன். (சிரிப்பு)

ஜெயித்தவர் பீட் ஜோன்ஸ். இன்ஷூரன்ஸ் விற்றுக்கொண்டிருந்தவர். படம் 'ஸ்டோலன் சம்மர்', 2002-இல் வந்தது. எதிரணித் தங்கச்சி அடுத்து எழுந்து, "அந்தப் படம் ஓடிச்சா?"ன்னு கேக்கப் போறாங்க. எதுக்கும்மா சிரமம், நானே சொல்லிடுறேன். ஓடலை. போட்ட காசில் கால்வாசிகூட வரலை. 2003-இல் வந்த ரெண்டாவது படமும் அதே கதிதான்.

மூணாவது தடவைதான் என் தம்பி தலை நிமிர்ந்து உட்கார்ந்தான். இயக்குநராத் தேர்வானவர் ஜான் குலாகர். வயசு நாற்பத்தஞ்சைத் தாண்டியாச்சு. என்ன தொழில் பார்த்தார் தெரியுமா? கல்யாண வீடியோ எடுத்துக்கிட்டிருந்தார் ஐயா! அவர் அப்பா நடிகர்தான். இருந்தும் மகன் கல்யாண வீடியோதான் எடுத்தார். அவர் எடுத்த 'ஃபீஸ்ட்' என்ற பேய்ப்படம் 2006-இல் ஏதோ ஒப்புக்குச் சில கொட்டகைகளில் ராத்திரிக் காட்சி ஓடியது, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கதையை எழுதின ரெண்டு பேர், மார்கஸ் டன்ஸ்டன், பேட்ரிக் மெல்டன். அந்தப் போட்டியால் வெளிச்சத்துக்கு வந்தவங்க, 'சா' வரிசையில் 2007-லிருந்து 2010 வரைக்கும் வருஷத்துக்கு ஒண்ணா நாலு படம் எழுதினாங்க. பயங்கரமான படம், நான் பாதியில எந்திரிச்சு ஓடிட்டேன், அது வேற விஷயம். (சிரிப்பு) ஜெயிச்ச படம் தோத்துச்சு, எழுதின ஆள் தோக்கலை. ஏன்? நாலு பேர் அவங்களைப் படிச்சுட்டாங்க.

போட்டின்னாலே யோக்கியம்னு நான் வாதாட வரலை. காசு பிடுங்குற போட்டி இருக்கு. நுழைவுக் கட்டணம் வாங்கிட்டு, அனுப்பினவனுக்கெல்லாம் 'நீங்கள் அரையிறுதிக்கு வந்துவிட்டீர்கள்'னு சான்றிதழ் குடுத்து, அடுத்த கட்டணத்துக்கு அடி போடுறவன் இருக்கான். பெரிய இடத்துலயும் உண்டு. அமேசான் கம்பெனி 2010-இல் யார் வேண்டுமானாலும் திரைக்கதை அனுப்பலாம் என்று வாசலைத் திறந்தது. பரிசுத் தொகை பெரிசு. நிபந்தனையைப் படிச்சாத்தான் சங்கதி தெரியும். நீ கதையை ஏத்தின உடனே பதினெட்டு மாசத்துக்கு அது எங்க பிடியில் இருக்கும். அதுக்குக் காசு கிடையாது. வேறு யார் வேண்டுமானாலும் உன் கதையைத் திருத்தி எழுதலாம். எழுத்தாளர்கள் கொதிச்சுப் போய் எழுதினாங்க. பிறகு அந்த நிபந்தனையை மாத்தினாங்க, 2018-இல் அந்த வாசலையே மூடிட்டாங்க. பெண்ணைக் குடுக்கிறதுக்கு முன்னாடி பத்து இடத்துல விசாரிக்கிறோமே, கதையைக் குடுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கம் நிபந்தனையைப் படிக்கக்கூடாதா? எழுத்தாளர் சங்கத்துல பதிவு பண்ணிட்டு அனுப்பு. இதைச் சொல்லிக் குடுக்காம "போட்டியே வேண்டாம்"னு சொல்றது, மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துற கதை. (கைதட்டல்)

இனி நம்ம ஊருக்கு வந்துடுறேன், இல்லைன்னா நடுவர் பாஸ்போர்ட்டைக் கேப்பார். கலைஞர் தொலைக்காட்சியில் 'நாளைய இயக்குநர்'னு குறும்படப் போட்டி வந்தது ஞாபகம் இருக்கா? பத்து நிமிஷப் படம். ஞாயித்துக்கிழமை குழம்பு கொதிக்கக் கொதிக்கப் பார்த்தோமே! அதில் படம் காட்டிய பிள்ளைகள்தான் கார்த்திக் சுப்பராஜ், நலன் குமரசாமி, பாலாஜி மோகன், ராம்குமார். 2012-இல் 'காதலில் சொதப்புவது எப்படி', அதே வருஷம் 'பீட்சா', 2013-இல் 'சூது கவ்வும்', 2014-இல் 'முண்டாசுப்பட்டி'. கார்த்திக் சுப்பராஜ் எந்த இயக்குநரிடமும் உதவியாளரா இருந்தவர் இல்லை, கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர். அவர் குறும்படத்தில் நடிச்ச விஜய் சேதுபதியையும் சேர்த்துக்கிட்டுத்தான் உள்ளே வந்தார். அண்ணன் படிச்ச வம்சாவளிக்குப் பக்கத்துல இந்தப் பட்டியலையும் வச்சுப் பாருங்க. அதுக்குப் பல வருஷம், இதுக்கு ஒரு மூணு வருஷம்!

ஐயா மணியைத் தொட்டுட்டார். ஒரே நிமிஷம் ஐயா. தம்பி கதையை முடிக்காமல் போனா வீட்டுக்குப் போக முடியாது.

2005-இல் ஊருக்குத் திரும்பினவன் கல்யாண வீடியோ எடுக்க ஆரம்பிச்சான். மாலை மாத்துறதைக் குளோசப்ல எடுப்பான், மாமனார் அழுவுறதையும் விடமாட்டான். கதையைப் பத்திப் பேச்சே இல்லை. போன வருஷம் அவன் மகள்தான், "அப்பா, இப்படி ஒரு திரைக்கதைப் போட்டி, செல்போன்லயே அனுப்பலாம்"னு பிடிவாதம் பிடிச்சா. அந்தப் பழைய நோட்டுக் கதையை அவளே டைப் அடிச்சா. அதுலயும் அதே மொய் விதிதான். மூணு பேர் கதையை நீ படிச்சு எழுதணும், உன்னதை மூணு பேர் படிப்பாங்க. பேர் இருக்காது.

ஆல்பம் வேலை முடிஞ்சு ராத்திரி பதினோரு மணிக்கு உக்காந்து ஊர் பேர் தெரியாத மூணு பேர் கதையை அவன் படிச்சான். "அக்கா, இது லாரி ஓட்டுறவன் எழுதினதுக்கா, டீசல் வாசனை வருது. இன்னொண்ணு ஒரு பொண்ணு. மில்லு ஷிப்ட்டு மாறுற நேரத்தை இப்படி ஒரு ஆம்பளை எழுத மாட்டான்"னு எனக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொல்றான். பதினெட்டு வருஷமா கதைன்னு வாயைத் திறக்காத ஆளு!

பரிசு? கிடைக்கலை ஐயா. முதல் சுற்றுலயே போயிடுச்சு. ஆனா அவன் கதையைப் படிச்ச மூணு பேருல ஒருத்தர் மூணு பக்கம் எழுதி அனுப்பியிருந்தார். யாரோ, எந்த ஊரோ. அதைத் தம்பி எனக்குப் படிச்சுக் காட்டினான். 'உங்கள் கதையில் வருகிற அம்மா நாற்பதாம் பக்கத்துக்குப் பிறகு காணாமல் போய்விடுகிறாள். அவள் எங்கே போனாள் என்று எனக்குக் கவலையாக இருக்கிறது' என்று இருந்தது. அதுக்கு மேல அவனால் படிக்க முடியலை. காகிதத்தை என் கையில் குடுத்துட்டு வாசலுக்குப் போயிட்டான். பீரோ மேல கிடந்த கதையில் வந்த அம்மாவைப் பத்தி, யாரோ ஒருத்தர் கவலைப்பட்டிருக்காங்க.

இப்போ நாற்பத்தொண்ணாம் பக்கத்துலேர்ந்து திருத்தி எழுதிக்கிட்டிருக்கான். ஆவணியில முகூர்த்தம் ஜாஸ்தி, அதனால கொஞ்சம் தாமதமாகுதாம்.

  (பலத்த கைதட்டல்)