துயர் கேட்க ஒரு செவி
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பிழைப்பை நாடிக் கொல்கத்தா வந்த நாம், லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் முருங்கைக்காயும் பெறுகிறோம், சங்கமும் கண்டோம். ஆயினும் ஊரில் விட்டுவந்த ஒன்றை இங்கே பெற்றோமில்லை. கணவன் மனைவிக்குள் பிணக்கு நேர்ந்தால் திண்ணையில் அமர்ந்து இருவரையும் கேட்கும் அத்தையும் தாய்மாமனும் இங்கில்லை. கணவர் இரவுப் பணிக்குச் சென்றபின், வங்கமொழி அறியாத இளம் மனைவி சுவரோடு பேசுகிறாள். மகன் தேர்வு அச்சத்தை மறைக்கிறான். ஓய்வு பெற்ற முதியவர் பேச்சுத் துணையின்றி வாடுகிறார். நாமோ, வீட்டுச் செய்தி வெளியே போகலாகாது என்று வாய் பூட்டியிருக்கிறோம்.

அத்திண்ணையின் பணியை இன்று உளநல ஆலோசகர்கள் செய்கின்றனர். அவர்கள் தீர்ப்புக் கூறுவதில்லை, பக்கம் சாய்வதில்லை. தம்பதியரைத் தனித்தனியேயும் சேர்த்தும் கேட்பர். மருந்து வேண்டுமெனில் மருத்துவரிடம் அனுப்புவர். ஆனால் அடி உதை உள்ள வீட்டில் ‘பொறுத்துப் போ’ என்பது ஆலோசனை ஆகாது. அங்கே பாதுகாப்பே முதல் தேவை.

இக்கலை இந்நகருக்குப் புதியதன்று. 1922 இல் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கத்தை இங்கே நிறுவியவர் டாக்டர் கிரீந்திரசேகர் போஸ். வியன்னாவில் வாழ்ந்த பிராய்டு அவர்களுடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்தவர் அவர். இன்று ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரி எனப்படும் அன்றைய கார்மைக்கேல் கல்லூரியில், 1933 இல் மனநலப் புறநோயாளர் பிரிவை அவர் தொடங்கினார். நம் நாட்டுப் பொது மருத்துவமனைகளில் இதுவே முதலாவது. காய்ச்சல்காரர் நுழையும் வாயிலிலேயே மனத்துயருற்றோரும் நாணமின்றி நுழையலாம் என்பதன்றோ அதன் பொருள்!

சட்டமும் இதனையே வலியுறுத்துகிறது. மணவிலக்குக் கோருவோரைச் சமரசப்படுத்த நீதிமன்றமே முதலில் முயல வேண்டுமென்கிறது 1984 ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம். வழக்கு மன்றத்தில் நாடும் ஆலோசனையை, வழக்கு எழுமுன் நாடினால் ஆகாதா? சிகிச்சை பெறுவோரின் இரகசியம் காக்கப்பட வேண்டுமென 2017 ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் விதித்துள்ளது.

எனினும் ஓர் இடர்ப்பாடு உண்டு. சந்தைக்கு வங்கமொழியும், அலுவலகத்துக்கு ஆங்கிலமும் போதும்; அழுகைக்குத் தாய்மொழியே வேண்டும். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் உதவியின் மொழிகளுள் தமிழும் ஒன்று. அதன் எண் 14416. இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம். உறக்கம் கெட்டோ, உணவு வெறுத்தோ, குடி மிகுந்தோ நாட்கள் நகர்ந்தால் தயங்கற்க! சாவைப் பற்றிய பேச்சு எழுந்தாலோ, ஒரு நாளும் தாமதியற்க. அவரைத் தனியே விடவும் வேண்டா.

சங்கத்தாருக்கு நமது வேண்டுகோள் ஒன்றே. தமிழும் வங்கமொழியும் அறிந்த ஆடவர் சிலரும் பெண்டிர் சிலரும் முன்வர வேண்டும். மருத்துவமனைக்குத் துணையாய்ச் சென்று, சொன்னதை மொழிபெயர்த்து, கேட்டதை அங்கேயே மறந்து வர வேண்டும். வள்ளுவர் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ என ஓர் அதிகாரமே வகுத்தார். துணை நாடுவது இழுக்கன்று. நாடி வந்தவரைப் பற்றி வம்பு பேசுவதே இழுக்கு.

வாழ்க தமிழ்க் குடும்பங்கள்!