வீட்டு நாயைப் பழக்கும் நன்முறை

(பாலையூற்றில் நெல், மரக்கறிச் செய்கையாளருக்கு நிகழ்த்திய சொற்பொழிவின் வாசகம்)



பசளையிடுதலையும் பூச்சி தடுத்தலையும் பற்றி வழக்கமாகப் பேசும் நாம், இன்று நாயைப் பற்றிப் பேசப் புகுவது உங்களிற் சிலருக்கு வியப்பாயிருக்கலாம். ஆயின், பாலையூற்றிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் நாயில்லாத கமக்கார வளவு அரிது. இரவிற் காட்டுப்பன்றி தோட்டத்துள் நுழைந்தால் முதலிற் குரல் கொடுப்பது நாயே. பகலிற் குரங்கு கத்தரிக்காயைப் பறிக்க வந்தாலும், முற்றத்திற் காயும் நெல்லில் ஆடு வாய்வைத்தாலும் உங்களுக்கு அறிவிப்பதும் அதுவே. ஆனால் அந்த நாய்தானே நாற்றுமேடையைக் கிண்டினால், அயல்வீட்டுக் கோழியைப் பிடித்தால், ஒழுங்கையிற் செல்லும் சைக்கிள்காரரைத் துரத்தி வீழ்த்தினால், வேலியே பயிரை மேய்ந்த கதையாய் முடிகின்றது.

அதன் பின் நிகழ்வதை நீங்கள் அறிவீர்கள். முதலில் அடி, பின் சங்கிலி, சங்கிலியில் நாள்முழுதுங் கிடந்த நாய் மேலும் மூர்க்கமடைகிறது, ஒருநாள் பிள்ளையொன்றைக் கடிக்கிறது, அடுத்த நாள் சந்தையடியிலோ காட்டோரத்திலோ கொண்டுபோய் விடப்படுகிறது. சிலர் பூச்சிமருந்தைச் சோற்றிற் கலந்து வைக்கவும் துணிகின்றனர். அது 1907 ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டத்திற்கு மாறானது மட்டுமன்று. அச்சோற்றைக் காகமும் மாடும் தின்னும். அறியாப் பிள்ளையின் கையிலும் அது அகப்படும். இத்தனை கேடும் நாய் பழக்கப்படாமையால் வருபவை. பழக்குவதற்கோ நாளொன்றுக்குப் பத்து நிமிடம் போதும்.

நாய் எவ்வாறு கற்கின்றது

நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பது பழமொழி. வாலை நிமிர்த்துமாறு நாம் கேட்கவில்லை. வளைந்த வாலோடேயே நல்ல நாயாயிருக்கலாம்.

1898 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் எட்வேட் தோண்டைக் பூனைகளைப் பெட்டிக் கூண்டுகளில் அடைத்து, வெளியே உணவு வைத்து ஆராய்ந்தார். கதவைத் திறந்த செயலை அவை மீண்டும் மீண்டும் விரைவாகச் செய்தன. பயன்தராத செயல்களைக் கைவிட்டன. இன்பந் தரும் செயல் நிலைக்கும், பயன்தராத செயல் தேயும் என்பதே அவர் கண்ட உண்மை. நாய்க்கும் இது முற்றும் பொருந்தும். நாம்பன் மாட்டை நுகத்திற்குப் பழக்கிய முதியோர், நல்ல நடை நடந்தபோது தட்டிக்கொடுத்து ஒரு பிடி புல்லும் கொடுத்தது இவ்வுண்மையை அறிந்தேயாம்.

வடபகுதியில் நிலக்கண்ணி அகற்றும் பணியிலும் மோப்பநாய்கள் பயன்பட்டன. அத்தகைய நாய் கண்ணியின் மணத்தை உணர்ந்ததும் அசையாது அமரவேண்டும். அதைச் சரியாகச் செய்யும்போது பந்தோ உணவோ கொடுத்தே அதனைப் பழக்குவர். அடிக்கு அஞ்சித் தடுமாறும் நாயை நம்பி எவரும் அந்நிலத்திற் கால்வைக்கத் துணியார்.

வெகுமதி கொடுக்கும் முறை

விலைகொடுத்து வாங்கும் நாய்த்தீன் வேண்டியதில்லை. முள் நீக்கி அவித்த சூரைமீன், அவித்த முட்டை, சிறிதளவு பாண் ஆகியன போதும். ஒவ்வொரு துண்டும் சோளமணி அளவாயிருத்தல் வேண்டும். கருவாட்டை உப்பு நீங்க ஊறவைத்தே கொடுக்க. வெங்காயமும் வெங்காயஞ் சேர்ந்த கறியும் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும், சமைத்த கோழி எலும்பு குடலைக் கிழிக்கும், இவற்றைத் தவிர்க்க.

வெகுமதியிலும் முக்கியமானது நேரம். நாய் நற்செயல் செய்த ஓரிரு நொடிக்குள் அது கிடைத்தல் வேண்டும். உணவை எடுக்கத் தாமதமாகுமாயின், "நல்லம்" என்னும் ஒரு சொல்லை அந்நொடியிற் சொல்லி, உடனே உணவைக் கொடுங்கள். சில நாளில் அச்சொல்லே உணவின் வருகையை அறிவிக்கும் மணியாகிவிடும். வீட்டார் எல்லாரும் ஒரே சொற்களையே வழங்கவேண்டும். தகப்பன் "இரு" என்றும் தாய் "குந்து" என்றும் சொன்னால் நாய் இரண்டையுங் கல்லாது.

பாடம் ஐந்து நிமிடத்திற்கு மேற்படலாகாது. காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக, நாய்க்குச் சோறு வைக்குமுன் நடத்துவது நன்று. பசித்த மாணாக்கனே இதிற் கூர்மையானவன்.

முதற் பாடம்: அழைத்தால் வருதல்

குசினிக்குள் இரண்டு முழத் தூரத்தில் நின்று பெயரைச் சொல்லி "வா" என்க. வந்தவுடன் வெகுமதி. பின் முற்றத்திலும், அதன் பின் வளவின் கோடியிலும், இறுதியாக வயல் வரம்பிலும் பழக்குக. வந்த நாயை ஒருபோதும் அடித்தலாகாது. உடனே சங்கிலியிற் கட்டுதலும் ஆகாது. வந்தால் தண்டனை என்று அறிந்த நாய் அடுத்த முறை ஏன் வரும்?

யானை நடமாடும் பக்கத்து வயல்களிற் காவலிருப்போர்க்கு இப்பாடம் உயிர் காக்கும். யானையைக் கண்டு குரைத்தோடிய நாய், யானை திருப்பித் துரத்தும்போது தன் எசமானிடமே ஓடிவரும். யானையும் அதன் பின்னால் வரும். நாய் யானையை நெருங்குமுன், முதற் குரைப்பிலேயே அழைத்துப் பக்கத்தில் இருத்தப் பழக்கிய நாய் இத்தீங்கைக் கொணராது. அவ்வாறு பழகாத நாயை இரவிற் காவற்பரணுக்குக் கொண்டுசெல்லாமை நன்று.

ஆட்கள்மீது பாய்தல்

சேற்றுக் காலுடன் விருந்தினர் வேட்டியிற் பாயும் நாய் தன் அன்பைக் காட்டுகின்றது. தள்ளிவிடுவதும் சத்தமிடுவதும் அதற்கு விளையாட்டாகவே தோன்றும். ஆகையால் பாயும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு அசையாது நில்லுங்கள். நான்கு காலும் நிலத்திற் பட்ட நொடியில் "நல்லம்" என்று உணவளியுங்கள். பின் உணவை மூக்கின்மேற் பிடித்துப் பின்புறமாக நகர்த்தினால் நாய் தானே அமரும். அமரும்போது "இரு" என்னும் சொல்லைப் பழக்குங்கள். முதல் இரண்டு மூன்று நாட்களில் பாய்தல் முன்னிலும் மிகலாம். இதுவரை கிடைத்த கவனம் கிடைக்காமையால் நாய் செய்யும் கடைசி முயற்சியே அது. அப்போது மனந்தளர்ந்து ஒருமுறை தடவிக்கொடுத்தால் முன்செய்த முயற்சி வீணாகும்.

படலையிற் குரைத்தலும் சைக்கிளைத் துரத்தலும்

காவல்நாய் குரைக்கவேண்டும், ஆனால் நிறுத்தவும் தெரிந்திருக்கவேண்டும். மூன்று நான்கு குரைப்பின் பின் அருகே சென்று "போதும்" என மெதுவாகச் சொல்லி, உணவை மூக்கருகே காட்டுங்கள். மணக்கும் நாய் குரைப்பதை விடும். வாயடங்கிய நொடியில் உணவைக் கொடுங்கள். நாமும் சேர்ந்து கத்தினால், தன்னோடு நாமும் குரைப்பதாகவே அது எண்ணும்.

மீன் வியாபாரியும் தபாற்காரரும் சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ வருகின்றனர். நாய் துரத்த, அவர் விலகிப்போக, தன் குரைப்பே அவரை ஓட்டியது என்று நாய் நாள்தோறுங் கற்றுக்கொள்கிறது. இதற்கு முதல் மருந்து மூடிய படலை. வேலிப் பொட்டையும் அடையுங்கள். இரண்டாவது, நாயைக் கயிற்றிற் பிடித்து, சைக்கிள் தொலைவிற் தெரியும்போதே, குரைக்குமுன் உணவு கொடுக்கத் தொடங்குங்கள். சைக்கிள் மறைந்ததும் உணவும் நிற்கட்டும். தூரத்தைச் சிறிது சிறிதாகக் குறையுங்கள். சைக்கிள் வந்தால் எசமானைப் பார்க்கவேண்டும் என்னும் வழக்கம் படிப்படியாய் வேரூன்றும். விளையாட்டிற்காகப் பிறரைக் காட்டிச் சூக்காட்டும் வழக்கத்தைப் பிள்ளைகளிடத்து அறவே நிறுத்துங்கள்.

பாத்தியைக் கிண்டுதல்

நீர் ஊற்றிய பாத்தி குளிர்ச்சியாயிருப்பதால், வெயில் நேரத்தில் நாய் அதனைக் கிண்டிப் படுக்கின்றது. மீன்கழிவுப் பசளை இட்ட பாத்தியை மணம்பற்றிக் கிண்டுகின்றது. இதிற் குறும்பில்லை, தேவையே உள்ளது. மரநிழலில் ஒரு பாய் அகலத்திற்கு மணல் பரப்பி, நீர் தெளித்து, அதில் இரண்டு உணவுத்துண்டைப் புதைத்துவையுங்கள். அங்கே கிண்டினால் வெகுமதி. பாத்திகளைச் சில வாரங்களுக்கு முட்கிளையாலோ வலையாலோ மறையுங்கள். பசளையை ஆழமாக மூடுங்கள். குடிக்க எந்நேரமும் தண்ணீர் வையுங்கள்.

கோழியும் ஆடும்

நீண்ட கயிற்றில் நாயைப் பிடித்து, கோழிகள் மேயும் இடத்திலிருந்து அது அமைதியாய் நிற்கக்கூடிய தூரத்தில் நில்லுங்கள். கோழியைப் பார்த்துவிட்டு உங்களைப் பார்க்குந்தோறும் வெகுமதி கொடுங்கள். நாளுக்கு நாள் சில அடி அணுகுங்கள். முன்னரே கோழியைக் கொன்ற நாயைத் தனியே கோழிகளுடன் விடலாகாது. அதற்கு வேலியே பாதுகாப்பு. செத்த கோழியைக் கழுத்திற் கட்டித் தொங்கவிடுதல் நோயைப் பரப்புமன்றி அறிவைப் புகட்டாது.

குட்டிகளுக்கு

எட்டு வாரத்திற்கு முன் குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்கலாகாது. மூன்றாம் வாரத்திலிருந்து ஏறக்குறைய மூன்று மாதம் நிறையும்வரை கண்டு பழகியவற்றைக் குட்டி வாழ்நாள் முழுதும் பெரிதும் அஞ்சாது. ஆகையால் அக்காலத்திலேயே உழவு இயந்திரத்தின் ஓசை, குடை, தலைப்பாகை, சிறுபிள்ளைகள், மாடு ஆகிய யாவற்றையும் அமைதியாக அறிமுகஞ் செய்யுங்கள். தூங்கி எழுந்ததும், தின்றதும், விளையாடி முடிந்ததும் வெளியே ஓரிடத்திற்குக் கொண்டுசென்று, அங்கே கழித்தவுடன் வெகுமதி கொடுங்கள். வீட்டினுள் அசுத்தஞ் செய்தால் அதில் மூக்கைத் தேய்த்தல் வீண். ஒளித்துக் கழிக்கவே அது கற்பிக்கும்.

அடியால் வரும் கேடு

அடித்தவுடன் நாய் நிறுத்துகிறதே என்று சிலர் கேட்பர். அது நிறுத்துவது அடிப்பவர் கண்முன்னே மட்டும். எதற்காக அடி என்பதை அது அறியாது. அடிக்கும் கையையும் அருகில் நின்ற பிள்ளையையுமே அஞ்சக் கற்கும். அஞ்சிய நாயே கடிக்கும். உறுமும் நாயையும் அடித்தலாகாது. உறுமல் ஓர் எச்சரிக்கை. அதனை அடித்து அடக்கினால் அடுத்த முறை எச்சரியாமலே கடிக்கும். உறுமினால் விலகி நின்று, காரணத்தை ஆராயுங்கள். காதிற் புண், உண்ணி, கால் நோவு ஆகியன இருப்பின் மிருக வைத்தியரை அணுகுங்கள். தின்னும்போதும் தூங்கும்போதும் நாயைத் தொடாதிருக்கப் பிள்ளைகளுக்குக் கற்பியுங்கள்.

விசர்நோய்

எவ்வளவு நன்றாகப் பழக்கிய நாயாயினும் விசர்நோய்த் தடுப்பூசியின்றிப் பாதுகாப்பானதன்று. 1885 ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர் இந்நோய்க்குத் தடுப்பு மருந்தை மனிதருக்கு ஏற்றிக் காட்டினார். எனினும் நோய்க்குறி தோன்றியபின் காப்பாற்றுதல் ஏறக்குறைய இயலாததாகவே இன்றும் உள்ளது. ஆண்டுதோறும் நாய்க்குத் தடுப்பூசி ஏற்றுவித்து அட்டையைப் பேணி வையுங்கள். சுகாதாரப் பகுதியினர் நடத்தும் ஊசி நாட்களில் இது இலவசம். கயிற்றில் அமைதியாய் வரப் பழகிய நாயை அங்கு கொண்டுசெல்வதும் எளிது. பழகாத நாய்தான் ஊசியைத் தப்பி ஓடுகிறது. பெண்நாய்க்குக் கருத்தடைச் சிகிச்சை செய்வித்தால் வேண்டாத குட்டிகளை வீதியில் விடும் பாவமும் ஒழியும்.

நாய் கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீருங்கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். சுண்ணாம்பும் கோப்பித்தூளும் பூசலாகாது. கடித்த நாயைக் கொல்லாது 14 நாள் பாதுகாப்பாய் அடைத்துக் கவனிக்க வேண்டும். ஆனால் அதுவரை வைத்தியரிடம் போகாது காத்திருக்கலாகாது. சாதுவான நாய் காரணமின்றி மூர்க்கங்கொண்டாலும், வீணீர் வடித்து விழுங்க முடியாது தவித்தாலும் அது பழக்கும் காலமன்று. ஆட்களை அகற்றி, சுகாதாரப் பரிசோதகருக்கோ மிருக வைத்தியருக்கோ உடனே அறிவியுங்கள்.

நினைவில் வைக்கவேண்டியவை

1. நற்செயலுக்கு உடனே வெகுமதி. தீச்செயலுக்குப் பயன் கிடையாதபடி தடுப்பு.
2. வீட்டார் யாவர்க்கும் ஒரே சொல்.
3. நாளுக்கு இரண்டு பாடம். ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம்.
4. அழைத்து வந்த நாய்க்கு அடியில்லை.
5. ஆண்டுக்கொரு முறை விசர்நோய்த் தடுப்பூசி.

கமக்காரர்களே, நாற்றை நட்ட மறுநாளே நாம் கதிரை எதிர்பார்ப்பதில்லை. களை பிடுங்கி, நீர் கட்டி, பொறுத்திருக்கிறோம். அதே பொறுமையில் ஒரு சிறு பங்கை முற்றத்து நாய்க்கும் கொடுங்கள். இன்று மாலை சோறு வைக்குமுன் ஒரு மீன்துண்டைக் கையிலெடுத்து, "வா" என்னும் முதற் பாடத்தைத் தொடங்குங்கள். தோட்டம் காக்கப்படும், ஒழுங்கையிற் செல்பவர் அச்சமின்றிச் செல்வர், உங்கள் பிள்ளையும் அயலார் பிள்ளையும் பாதுகாப்பாயிருப்பர்.