கல்லின் பெயரும் நோயின் பெயரும்



இவ்வெள்ளிவிழா நன்னாளில், நம் மக்களின் மூச்சோடு தொடர்புடைய ஒரு வரலாற்றை உங்கள்முன் வைக்க விழைகிறோம்.

பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலைக் குன்றுகளின் கருங்கல்லுக்கு நிலநூலார் வழங்கும் பெயர் சார்னகைட் என்பதாகும். கிழக்கிந்தியக் கம்பெனியின் முகவராகக் கல்கத்தாவில் வாழ்ந்து மறைந்த ஜாப் சார்னாக்கின் கல்லறை இக்கல்லால் ஆனது. அதனால் தாமஸ் ஹாலந்து என்னும் அறிஞர் 1893இல் அப்பெயரைச் சூட்டினார். கல்லின்கீழ்த் துயில்பவருக்குப் பெயர் நிலைத்தது. கல்லை உடைத்த நம்மவருக்கோ, தம்மை மாய்த்த நோயின் பெயர்கூடத் தெரியவில்லை.

அந்நோய் சிலிகோசிஸ். கல்லிலுள்ள சிலிக்கா, துளையிடும்போதும் அரைக்கும்போதும் கண்ணுக்குப் புலப்படாத தூளாகிறது. நுரையீரலின் ஆழத்தில் படிந்து தழும்பாக இறுகுகிறது. வேலையை விட்ட பின்னரும் நோய் முற்றக்கூடும். முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்றும் இல்லை. ஆனால் நீர் பாய்ச்சித் துளையிட்டுத் தூசியை அடக்கினால் நோயைத் தடுக்கலாம்.

உலகம் இதனை நெடுங்காலமாக அறியும். கார்ப்பாத்திய மலைச் சுரங்கப் பகுதியில் ஏழு கணவரை மணந்து எழுவரையும் இழந்த பெண்கள் உண்டென 1556இல் வெளிவந்த அக்ரிகோலாவின் நூல் கூறுகிறது. 1930இல் அமெரிக்காவில் தொடங்கிய ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கப்பாதைப் பணியில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். பெரும்பாலோர் கறுப்பின மக்கள். நம் நாட்டில் 1947இல் கோலார் தங்கவயலில் இந்நோய் பதிவாயிற்று. அங்குச் சுரங்கத்தில் இறங்கியோருள் பெருந்தொகையினர் வட ஆர்க்காட்டிலிருந்து சென்ற ஒடுக்கப்பட்ட தமிழரே. தூசிக்குச் சாதியும் நிறமும் தெரியா. தூசிக்குள் யாரை அனுப்புவதென்று முடிவு செய்தவர்களுக்குத் தெரியும்.

நம் தாம்பரத்தில் 1928இல் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளருக்கெனச் சானடோரியம் நிறுவினார். இருமல், இளைப்பு, மெலிவு ஆகியவை காசத்திற்கும் சிலிகோசிஸுக்கும் பொதுவானவை. சிலிகோசிஸ் கண்டவரைக் காசம் எளிதில் பற்றவும் செய்யும். ஆகவே கல்தூசியால் வந்த நோயும் காசம் என்ற ஒரே சொல்லுக்குள் மறைந்துவிடக்கூடும். காசம் என்றால் விதி என்று குடும்பம் அழும். சிலிகோசிஸ் என்றால் வேலை கொடுத்தவர் பதில் சொல்ல வேண்டும். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும் 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டமும் இதனை மருத்துவர் அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொழில்நோயாக்கின. நோயின் பெயர் ஏட்டில் ஏறாவிடில் சட்டம் ஏட்டுச் சுரைக்காயே.

கல்வியின் பயன் இங்கேதான். கல்லுடைத்த பெரியவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் பிள்ளைகளே! அவர் எங்கு, எத்தனை ஆண்டு, என்ன வேலை செய்தார் என்பதை மருத்துவரிடம் கூறுங்கள்; சீட்டில் எழுதச் செய்யுங்கள்; எக்ஸ்ரே படத்தைப் பத்திரப்படுத்துங்கள். நம் முன்னோர் கல்லில் எழுத இயலாத பெயரை நாம் தாளிலேனும் எழுதுவோம்.