கருங்கல் ஈன்ற மண்

திருகோணமலைக்குச் சென்றவர்கள் கோணேசர் மலையேறாமல் திரும்புவது அரிது. அம்மலையின் விளிம்பில், கடலை நோக்கிப் பிளந்து நிற்கும் நெடிய வெடிப்பொன்று உண்டு. தன் தாயின் வழிபாட்டுக்காக இராவணன் அம்மலையைப் பெயர்க்க முயன்றபோது வாளால் வெட்டிய வடு அது என்பது வழிவழி வந்த கதை. ‘இராவணன் வெட்டு’ என்றே ஊரார் அதனை வழங்குவர். அந்தப் பெரிய வெட்டைக் கண்டு வியப்போர், காலடியில் உள்ள சிறு வெடிப்புகளை நோக்குவதில்லை. விரல் நுழையாத அவ்வெடிப்புகளில் சிட்டிகையளவு மண் தங்கியிருக்கிறது. அம்மண்ணில் ஒரு புல் முளைத்திருக்கிறது. வயலுக்கும் தோட்டத்துக்கும் காட்டுக்கும் ஆதாரமான மண் எவ்வாறு பிறக்கின்றது என்பதை அந்தப் புல் முளைத்த வெடிப்பிலே காணலாம்.

திருகோணமலைப் பகுதியின் பாறைகளை மக்கள் பொதுவாகக் கருங்கல் என்பர். பாறையியலார் அவற்றை வகை பிரித்துக் கூறுவர். பெரும்பகுதி, கருங்கல்லின் கனிப்பொருள்களையே கொண்டு, பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய நைஸ் என்னும் பாறையாகும். துறைமுகத்தை அண்டிய மேடுகளிலே குவாட்சைட்டு என்னும் மிகக் கடினமான பாறையும் காணப்படுகின்றது. கடினமான பாறை கரைந்து போகாமல் முனைகளாய் நின்றது; மெலிந்த பாறை தேய்ந்து குடாக்களாயிற்று. உலகம் போற்றும் அந்த இயற்கைத் துறைமுகம் பாறையின் வன்மை மென்மைகள் வரைந்த கோலம் எனலாம்.

இப்பாறைகள் 55 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை. அக்காலத்தில் இலங்கை தனித் தீவாக இருக்கவில்லை. இந்தியாவும் மடகாஸ்கரும் அந்தாட்டிக்காவும் இலங்கையும் கோண்டுவானா என்னும் ஒரே பெருநிலத்தின் உறுப்புகளாய் ஒட்டியிருந்தன. தமிழ்நாட்டுக் குன்றுகளின் கல்லும் திருகோணமலைக் குன்றுகளின் கல்லும் உறவுடையனவாய்த் தோன்றுவதன் காரணம் அதுவே.

இத்துணைக் கடினமான கல் எவ்வாறு மண்ணாகின்றது? பகலில் வெயில் பாறையைச் சுடுகின்றது. இரவில் அது குளிர்கின்றது. கோடையிற் காய்ந்த வெடிப்பினுள் மாரி மழை புகுகின்றது. பாறை பார்வைக்கு இறுகியதாயினும் அதனுள் நீர் செல்லும் வழிகள் பல உண்டு. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளும் இதற்குச் சான்றாகும். வெடிப்புகளின் வழியே ஆழத்திற்குச் சென்று சூடேறிய நீரே அங்கு மீண்டும் மேலெழுகின்றது.

மழைநீர் வெறும் நீரன்று. காற்றிலும் வேர்களின் மூச்சிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்று அது மெல்லிய அமிலமாகின்றது. அந்த அமிலம் கல்லின் கனிப்பொருள்களை ஒரே தன்மையாகத் தாக்குவதில்லை. பெல்ஸ்பார் என்னும் வெளிறிய கனிப்பொருள் மெல்ல மெல்லச் சிதைந்து களியாகின்றது. காக்காய்ப்பொன் போன்ற கரிய கனிப்பொருள்களில் அடங்கிய இரும்பு துருவேறி மண்ணுக்குச் செந்நிறம் தருகின்றது. குவாட்ஸ் மட்டும் எளிதில் அழியாது. அது பரலாகவும் மணலாகவும் எஞ்சுகின்றது. ஆகவே, மலையடிவாரத்து மண்ணை ஒரு பிடி அள்ளிப் பார்ப்பவர், அழிந்த கல்லின் மூன்று பங்குகளையும் கையிலே காண்பர்: ஒட்டுகின்ற களி, செந்நிறம், நறநறக்கும் மணல்.

கல் பொடியானதும் மண்ணாகிவிடாது. அதற்கு உயிர் வேண்டும். முதலில் பாறையின்மேற் படர்வது கற்பாசி. அது மடிந்து தந்த துகளிலே புல் முளைக்கின்றது. பறவையின் எச்சத்தில் வந்த ஆலோ அரசோ இத்தியோ வெடிப்பில் வேரூன்றி, அவ்வெடிப்பை அகலப்படுத்துகின்றது. உதிர்ந்த இலைகள் உக்கி மண்ணைக் கருமையாக்குகின்றன. காலநிலை, உயிரினம், நிலச்சாய்வு, மூலப்பாறை, காலம் என்னும் ஐந்தும் சேர்ந்தே மண்ணை ஆக்குகின்றன என்று ஹான்ஸ் ஜென்னி என்னும் அறிஞர் 1941ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். இவ்வைந்தில் மனிதனால் சிறிதும் கொடுக்க முடியாதது காலம். ஓர் அங்குல மண் உண்டாவதற்குப் பல நூற்றாண்டுகள் செல்லும்.

குன்றின் உச்சியிலிருந்து வயல்வரை ஒருவர் நடந்து பார்ப்பாராயின், மண்ணின் வரலாறு காலுக்குக் கீழே விரியக் காண்பார். உச்சியிலே வெறும் பாறை. இடுக்குகளில் மட்டும் பரல் கலந்த மெல்லிய மண். அங்கே சதுரக்கள்ளியும் முட்செடிகளும் குறுகிய மரங்களும். சற்றுக் கீழே மண் முழங்காலளவு ஆழமாகின்றது. பாலை, வீரை, முதிரை, கருங்காலி முதலிய வைர மரங்கள் நிற்கின்றன. திருகோணமலையின் பெயரையே தாங்கிக் கடல் கடந்து சென்ற சாவண்டலை மரமும் இக்காடுகளுக்கு உரியதே. சென்னைக் கரையின் பேரலைகளைத் தாங்கிய மசூலாப் படகுகளைக் கட்ட முற்காலத்தில் அம்மரத்தைக் கொண்டு சென்றனர். இன்னும் கீழே, மென்சரிவில், செங்கபில மண். அடியில், தாழ்ந்த பள்ளத்தில், நீர் தேங்கி நரைத்த களிமண்; அதுவே நெல்வயல்.

இவை நான்கும் வெவ்வேறு மண்கள் போலத் தோன்றினும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். கிழக்கு ஆபிரிக்காவில் மண்ணாய்வு செய்த மில்ன் என்பவர், 1935ஆம் ஆண்டளவில், சரிவு வழியே தொடரும் இத்தகைய மண்வரிசைக்குச் சங்கிலி எனப் பொருள்படும் இலத்தீன் பெயரையே இட்டார். இலங்கையின் மண்வகைகளை மூர்மன், பானபொக்க என்னும் இருவரும் 1961ஆம் ஆண்டில் புதிய முறையில் வகுத்தபோது, வறண்ட வலயத்தின் செங்கபில மண்ணையும் பள்ளத்து நரைமண்ணையும் தனித்தனி வகைகளாகக் குறித்தனர். அறிஞர் பெயரிடுமுன்னரே உழவர் இதனை அறிந்திருந்தனர். மேட்டுக்காணியில் குரக்கனும் எள்ளும், பள்ளக்காணியில் நெல்லும் என அவர்கள் வகுத்துக்கொண்டது இச்சங்கிலியைக் கால்களால் அளந்தறிந்த அறிவினாலேயே.

சங்கிலி வயலோடும் முடிவதில்லை. வெள்ளம் வாரிச் செல்லும் மண் ஆற்றோடு சேர்ந்து கடலை அடைகின்றது. மத்திய மலைநாட்டில் தோன்றி 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி, தன் வண்டலைச் சுமந்து கொட்டியாரக் குடாவிலே கலக்கின்றது. வடக்கே புல்மோட்டைக் கரையில் மின்னும் கரிய மணலும் பழைய பாறைகளின் எச்சமே. அழியாத கனிப்பொருள்களான இல்மனைற்று, உரூற்றைல், சிர்க்கோன் ஆகியவற்றை அலைகள் தெள்ளி அங்கே ஒதுக்கின. மலையில் தொடங்கிய கதை அலைவாய்க்கரையில் நிறைவுறுகின்றது.

இந்தச் சங்கிலியின் முதற் கண்ணி அறுந்தால் என்னாகும் என்பதே இன்று சிந்திக்கத்தக்கது. திருகோணமலையில் ஆண்டொன்றுக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 1600 மில்லிமீற்றர். அதிற் பாதிக்கு மேற்பட்டது ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையுள்ள மூன்று மாதங்களிலே கொட்டித் தீர்கின்றது. நீண்ட வறட்சிக்குப் பின் வரும் முதல் மழையே மண்ணுக்குப் பெரும் பகை. செங்கபில மண் காய்ந்தால் செங்கல்லாய் இறுகும். நனைந்தால் பசையாய் ஒட்டும். இறுகிய நிலத்தில் விழுந்த மழை உள்ளே இறங்க வழியின்றி மேலே ஓடும். ஓடும்போது மண்ணையும் உடன் கொண்டோடும். காடு நின்றால், இலையும் சருகும் துளியின் வேகத்தைத் தாங்கும். வேர் மண்ணைப் பற்றும். நீர் மெதுவாய் இறங்கிக் கோடையிற் கிணறுகளுக்கு உதவும். காடு அழிந்த குன்றிலே, பல நூற்றாண்டுகள் சேர்த்த செல்வம் சில மாரிகளில் இறங்கிவிடும்.

இறங்கிய மண் வயலுக்கு வளந்தானே என்று சிலர் வினவக்கூடும். காட்டின் வழியே மெல்ல வடிந்து வரும் நுண்மண் வளமே. வெட்டவெளிச் சரிவில் பாய்ந்து வருவதோ பரலும் மணலும். அது வாய்க்காலைத் தூர்க்கும், குளத்தின் வயிற்றை நிரப்பும். குளம் ஆழங் குறைந்தால் சிறுபோகத்துக்கு நீர் குறையும். மேலே ஒருவன் வெட்டிய மரத்தின் விலையைக் கீழே மற்றொருவன் நெல்லாகக் கொடுக்க நேரிடும். இதனை உணர்ந்தே முன்னோர் குளத்தின் மேற்புறத்தில் மரங்களையும் புற்றரையையும் விட்டுவைத்தனர். வரும் நீரை அவை வடிகட்டித் தந்தன.

சேனை செய்யும் ஏழையின்மீது பழி முழுவதையும் சுமத்துவது நீதியன்று. முற்காலத்தில் ஒரு சேனை சில போகங்களுக்குப் பின் பல ஆண்டுகள் இளைப்பாற விடப்பட்டது. காடு மீண்டும் வளர்ந்தது. குடிகள் பெருகி நிலம் சுருங்கியபோது அவ்விளைப்பாறுங் காலமும் சுருங்கியது. அன்றியும், சேனைக்காரன் எடுப்பது விளைச்சலை மட்டுமே. கல்லுடைப்போர் எடுப்பது மலையையே. வீட்டுக்கும் வீதிக்கும் கல் வேண்டும் என்பது உண்மை. எந்த மலையை உடைப்பது, எதனை விடுவது என்று தேர்ந்து செய்யும் அறிவும் அதனோடு வேண்டும்.

செய்யத்தக்கவை அரியன அல்ல. உச்சியையும் செங்குத்துச் சரிவையும் காட்டுக்கே விட்டுவிடலாம். பயிர் செய்யும் சரிவிலே, நிலமட்டத்தை ஒட்டிக் குறுக்கே கல்வரம்பு இடலாம்; கல்லுக்கு அங்கே பஞ்சமில்லை. சருகை எரிப்பதை விடுத்து நிலத்துக்கு மூடாக்காக இடலாம். குளத்தின் மேற்புறத்து மரங்களை ஊர்ப்பொதுவாகக் காக்கலாம்.

கற்காடு என்றும் பயனற்ற தரிசு என்றும் மக்கள் இகழும் அக்குன்றுகளே கீழுள்ள வயல்களின் தாய்நிலம். வயலில் உரம் குறைந்தால் ஒரு போகத்திற் சேர்த்துவிடலாம். குன்றின் மண் போனால் அதனைச் சேர்க்க எந்த அரசாலும் இயலாது. அடுத்த முறை கோணேசர் மலையேறும் நேயர்கள், இராவணன் வெட்டைக் கண்டபின், காலடியில் உள்ள வெடிப்பொன்றையும் குனிந்து நோக்குவார்களாக. அங்கே முளைத்துள்ள புல்லை மட்டும் பிடுங்காது விடுவார்களாக.